கண்ணாடித் தொட்டி மீனுக்கு நோய் காணுதல்



மாட்டுக்கு நோய் கண்டால் அது தீனி எடுக்காமல் கத்தும். நாய் மூலையிலே சுருண்டு படுக்கும். கிளியோ இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் ஓரத்தில் ஒடுங்கும். கண்ணாடித் தொட்டியில் வளரும் மீனுக்கு இவ்வசதிகள் இல்லை. நம் காதுக்கு எட்டும் குரல் அதற்கு இல்லை. பொன்மீனுக்கு இமையும் இல்லை. ஆதலால் கண்ணை மூடிக் கிடந்து தன் துன்பத்தைக் காட்டவும் அதனால் இயலாது. நீருக்குள் நின்றபடியே அது காட்டும் சில அடையாளங்களை நாம்தான் பார்த்துப் படித்தறிய வேண்டும். அவற்றைத் தவறாகப் படித்து, நல்ல மீனை மருந்தால் கொன்றவர்கள் பலர். எங்கள் வீட்டாரும் அவர்களுள் அடங்குவர் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு பேச்சைத் தொடங்குகிறோம்.

ஐதராபாத்திலும் அதன் இரட்டை நகரமாகிய செகந்திராபாத்திலும் தமிழர் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகிறார்கள். மாரேட்பள்ளியிலும் பத்மாராவ் நகரிலும் காலையில் கோலமிட்ட வாயில்களைக் காணலாம். மாடிக் குடியிருப்புகள் பெருகிய பின், நாய் வளர்க்க இடமின்றி, பூனை வளர்க்கப் பாட்டியின் சம்மதமின்றி, குழந்தைகளின் ஆசைக்குக் கண்ணாடித் தொட்டி வாங்கி வைப்பது பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. தொட்டியில் நீந்தும் அந்த மீன்களுள் பல நம் ஊரிலிருந்து வந்தவையே. சென்னையின் வடமேற்குப் பகுதியில் உள்ள கொளத்தூர் வண்ணமீன் வாணிபத்துக்குப் பெயர் பெற்ற இடம். அங்கும் அதனை அடுத்த சிற்றூர்களிலும் தொட்டிகளில் வளர்க்கப்படும் மீன்கள், பிராணவாயு நிரப்பிய பிளாஸ்டிக் பைகளில் அடைபட்டு, இரவு முழுதும் பயணம் செய்து வெளி மாநிலங்களுக்குப் போகின்றன. நாமும் ஒரு காலத்தில் பெட்டியும் படுக்கையுமாக அவ்வாறே வந்து இறங்கினோம். வந்த ஊரின் தண்ணீர் நமக்கு ஒத்துக்கொள்ளச் சில நாட்கள் ஆயின. மீனுக்குத் தண்ணீரே காற்று, தண்ணீரே வீடு, தண்ணீரே கழிவறை. அதன் நிலையைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

எங்கள் மகளின் பத்தாவது பிறந்தநாளுக்கு இரண்டு அடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள தொட்டி ஒன்றை வாங்கினோம். அதில் 45 லிட்டர் தண்ணீர் பிடித்தது. கூழாங்கல் பரப்பி, செடி நட்டு, காற்றடிக்கும் சிறு மோட்டாரும் பொருத்தி, அன்று மாலையே நான்கு பொன்மீன்களை விட்டோம். வீடு முழுவதும் திருவிழாவாக இருந்தது. காலையில் மகள் தீனி போட்டாள். நடுப்பகலில் பாட்டி, ‘பாவம், வாயைத் திறந்து திறந்து மூடுகிறது, பசி போலும்’ என்று போட்டார். மாலையில் அலுவலகத்திலிருந்து வந்ததும் நாங்கள் போட்டோம். ஒருவர் போட்டது மற்றவருக்குத் தெரியாது.

எட்டாம் நாள் நான்கு மீன்களும் மேல்மட்டத்தில் வந்து நின்றன. துடுப்புகளை உடலோடு ஒடுக்கிக்கொண்டு, வாயை நீரின் மேல்விளிம்பில் வைத்துக் காற்றை விழுங்கின. இரண்டின் செவுள் மூடிகளுக்கு அடியிலே தீப்பட்டதுபோல் சிவந்திருந்தது. மகள் பள்ளிக்குப் போக மறுத்தாள். நாங்கள் கடைக்கு ஓடினோம். கடைக்காரர் மீனைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பற்றியும் கேட்கவில்லை. ‘இது கிருமி நோய் சார், இந்தக் குளிகையைப் பிரித்துத் தொட்டியில் போடுங்கள்’ என்று மஞ்சள் தூள் நிறைந்த குளிகைகள் நான்கைக் கொடுத்தார். போட்டோம். தொட்டி தேநீர் நிறமாயிற்று. மறுநாள் காலை இரண்டு மீன்கள் கூழாங்கல்லின்மேல் சாய்ந்து கிடந்தன.

எதிர் வீட்டில், இரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்ற அரக்கோணத்துப் பெரியவர் ஒருவர் இருந்தார். இளமை முதல் மீன் வளர்த்தவர். மகள் போய் அவரை அழைத்து வந்தாள். அவர் மீனைப் பார்க்குமுன் ஒரு குவளையில் தொட்டி நீரை மொண்டு மூக்கருகே கொண்டு போனார்.

‘தம்பி, தொட்டி வைத்து எத்தனை நாளாயிற்று?’ என்றார்.

‘ஒன்பது நாள் ஐயா.’

‘தண்ணீர் எது, நல்லாவா, போரா?’

‘போர்த் தண்ணீர்தான்.’

‘நாலு மீனும் ஒரே நாளில் மேலே வந்தனவா?’

‘ஆம் ஐயா, ஒரே நாளில்தான்.’

‘அப்படியானால் மருந்தை எடுத்து உள்ளே வையுங்கள். நோய் மீனில் இல்லை, தண்ணீரில் இருக்கிறது’ என்றார்.

அவர் சொன்னதை மறுநாளே ஒரு சிறு சோதனைப் பெட்டி வாங்கி உறுதி செய்துகொண்டோம். கண்ணாடிக் குழலில் தொட்டி நீரை எடுத்து இரண்டு திரவங்களைச் சொட்டுச் சொட்டாக விட்டால், அமோனியா இல்லாத நீர் மஞ்சளாகவே இருக்கும். அமோனியா உள்ள நீர் பச்சையாகத் திரும்பும். எங்கள் குழல் அடர்ந்த பச்சையாயிற்று. அதைப் பார்த்து நின்ற எங்கள் மகள், ‘அப்பா, மீனுக்கு நோய் வந்ததா, இல்லை நாம் வரவழைத்தோமா?’ என்று கேட்டாள். நாம்தான் வரவழைத்தோம் என்று உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று.

நடந்தது இதுதான். மீன் தன் உடற்கழிவின் பெரும்பகுதியை அமோனியாவாகச் செவுள் வழியே வெளியேற்றுகிறது. மிஞ்சிய தீனி அழுகுவதாலும் அதே அமோனியா பிறக்கிறது. ஆற்றிலும் ஏரியிலும் அது கரைந்து பரவிவிடும்; தொட்டியில் போக்கிடமில்லை. ஆனால் இயற்கை ஒரு வழி வைத்திருக்கிறது. கூழாங்கல்லிலும் வடிகட்டியின் பஞ்சிலும் சில நுண்ணுயிர்கள் குடியேறி, அமோனியாவை நைட்ரைட் என்னும் பொருளாக மாற்றும். வேறு சில, அந்த நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றும். இவை போதிய அளவு பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை ஆகும். புதிய தொட்டியில் இந்தத் தோட்டிகள் இல்லை. முதல் நாளிலேயே நான்கு பொன்மீன்களை விட்டு, மூன்று வேளையும் மூவர் தீனி போட்டால் நீர் நஞ்சாவதில் வியப்பென்ன? நாங்கள் போட்ட மஞ்சள் தூளோ, குடியேறத் தொடங்கியிருந்த நல்ல நுண்ணுயிர்களுக்கும் தீங்கு செய்யக்கூடிய மருந்து. தீயை அணைக்க வந்தவர் கிணற்றைத் தூர்த்த கதைதான்.

ஐதராபாத் நேயர்கள் கவனிக்க வேண்டிய மற்றொரு செய்தி இதில் உண்டு. அமோனியா முழுவதுமே நஞ்சன்று. நீரின் காரத்தன்மை ஏற ஏற அதன் நச்சுப் பகுதி பெருகும். 25 பாகை சென்டிகிரேடு வெப்பத்தில், காரமுமில்லாமல் அமிலமுமில்லாமல் அளவுகோலில் 7 காட்டும் நீரில், மொத்த அமோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்குகூட நச்சுவடிவில் இராது. அளவு 8 ஆனால் அது நூற்றுக்கு 5 பங்குக்கு மேற்படும். 9 ஆனால் மூன்றில் ஒரு பங்கையும் கடந்துவிடும். தக்காணத்தின் கருங்கற் பாறைகளைத் துளைத்து எடுக்கும் ஆழ்கிணற்று நீர் பல இடங்களில் கடினமாகவும் காரமாகவும் இருக்கிறது. ஆகவே, அதே அளவு தீனியும் அதே எண்ணிக்கை மீன்களும் வேறோர் ஊர் நீரில் தாங்கியிருக்க, இங்கே தாங்காமற் போகலாம்.

குழாய் நீரின் கதை வேறு. இவ்வூரில் குழாய்க்கு ‘நல்லா’ என்று பெயர். நம் காதுக்கு இனிய சொல்தான். ஆனால் நல்லாவில் வருவது மனிதருக்கு நல்லதே தவிர மீனுக்கு நல்லதன்று. 1908-ஆம் ஆண்டு மூசி நதியில் வந்த பெருவெள்ளத்துக்குப் பின் விசுவேசுவரய்யா போன்ற பொறியியல் அறிஞரின் யோசனைப்படி எழுந்த உஸ்மான் சாகரும் (1920) இமாயத் சாகரும் (1927) நகருக்கு நெடுங்காலம் குடிநீர் அளித்தன. பின்னர் மஞ்சீரா, கிருஷ்ணா, கோதாவரி ஆறுகளின் நீரும் வந்தது. எந்த ஆற்று நீரானாலும் நோய்க்கிருமிகளைக் கொல்லக் குளோரின் சேர்த்தே அனுப்புகிறார்கள். நம் நாட்டுக் குடிநீர்த் தரத்தின்படி குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமேனும் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். அதனினும் மிகக் குறைந்த அளவே மீனின் மெல்லிய செவுளைப் புண்ணாக்கப் போதுமானது. வாய் அகன்ற பாத்திரத்தில் நீரை ஒரு நாள் முழுதும் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும். அவசரமானால் பழைய புகைப்படக்காரர்கள் ‘ஹைப்போ’ என்று வழங்கிய சோடியம் தயோசல்பேட்டு ஒரு சிட்டிகை உடனே அதை முறிக்கும். மீன் கடைகளில் குளோரின் முறிப்பான் என்று சிறு குப்பியில் விற்பதும் பெரும்பாலும் அதுவே.

எஞ்சிய இரண்டு மீன்களுக்குப் பெரியவர் செய்த சிகிச்சையில் மருந்தே இல்லை. தீனியை நிறுத்தினார், மூன்று நாளைக்கு ஒன்றும் போடக்கூடாது என்றார். பாட்டிக்கு அது பெரும் கொடுமையாகப் பட்டது. ஆனால் நலமாக வளர்ந்த பொன்மீன் சில நாட்கள் உணவின்றித் தாங்கும். ஒரு நாள் வைத்திருந்த குழாய் நீரை, தொட்டி நீரின் வெப்பத்துக்குச் சமமாக்கி, நாள்தோறும் மூன்றில் ஒரு பங்கு மாற்றினோம். காற்றடிப்பதைக் கூட்டினோம். கோடையில் நீர் சூடேறினால் பிராணவாயு குறையும் என்பதை மறத்தல் ஆகாது. 20 பாகையில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் அளவு கரையும் பிராணவாயு, 30 பாகையில் ஏழரை மில்லிகிராம்தான் கரையும். ஐதராபாத் கடல் மட்டத்துக்கு ஐந்நூறு மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருப்பதால் அதனினும் சற்றுக் குறையும். ஐந்தாம் நாள் இரண்டு மீன்களும் நடுநீருக்கு இறங்கின. சில நாள் கழித்து அவற்றின் உடலில் கருந்திட்டுகள் தோன்றின. புதிய நோயென்று அஞ்சினோம். அமோனியாவால் வெந்த தோல் ஆறும்போது பொன்மீனுக்கு அவ்வாறு கறுப்பது உண்டு என்று பெரியவர் தேற்றினார். ஒரு மாதத்துக்குள் கறுப்பு மறைந்தது.

இந்த நிகழ்ச்சியிலிருந்து நோய் காணும் முறையில் முதற்படி விளங்கும். எல்லா மீன்களும் ஒருங்கே வாடினால் தண்ணீரைச் சோதிக்க வேண்டும்; ஒன்று வாடி மற்றவை துள்ளித் திரிந்தால் அந்த ஒரு மீனை உற்று நோக்க வேண்டும். இதற்கு விலக்கும் உண்டு: நீர் கெடும்போது மெலிந்த மீன் முதலில் விழலாம். எனினும் தொடக்கத்துக்கு இவ்விதி போதும். நீரைச் சோதிக்க அமோனியா, நைட்ரைட், காரத்தன்மை, வெப்பம் ஆகிய நான்கையும் பார்த்தல் நலம். நைட்ரைட் மிகுந்தால் அது குருதியில் கலந்து, பிராணவாயுவைச் சுமக்கும் செம்பொருளைக் கெடுத்துவிடும். செவுள் சிவப்பு மாறித் தவிட்டு நிறம் பெறும். காற்று எவ்வளவு அடித்தாலும் மீன் மூச்சுக்குத் தவிக்கும். அதற்குச் சமையலறைக் கல்லுப்பே மருந்து. உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியே நுழைவதைத் தடுக்கிறது.

மீனை உற்று நோக்குவதற்கும் ஒரு முறை உண்டு. தீனி போடுமுன், விளக்குப் போட்டுச் சற்று நேரம் கழித்து, தொட்டிக்கு எதிரே ஐந்து நிமிடம் அசையாமல் உட்கார வேண்டும். கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு நிமிடத்தில் செவுள் மூடி எத்தனை முறை திறந்து மூடுகிறது என்று எண்ண வேண்டும். மீனுக்கு மீன் இவ்வெண்ணிக்கை மாறுமாதலால், நலமாயிருக்கும் நாளிலேயே எண்ணிக் குறித்து வைத்தால்தான் நோயுற்ற நாளில் பயன்படும். துடுப்பு விரிந்திருக்கிறதா, ஒடுங்கியிருக்கிறதா? உடலைக் கல்லில் உராய்ந்துகொண்டு பாய்கிறதா? கழிவு எந்நிறம்? தீனிக்கு எதிர்கொண்டு வருகிறதா? இவற்றையெல்லாம் எங்கள் மகள் ஒரு பழைய கணக்கு நோட்டில் எழுதத் தொடங்கினாள். அந்த நோட்டுத்தான் பிறகு எங்களைக் காப்பாற்றியது.

மார்கழி பிறந்தது. சென்னைவாசிகளுக்கு ஐதராபாத்தின் குளிர் புதுமையானது. இரவிலே 15 பாகைக்கும் கீழே இறங்கி, பகலில் 28 பாகைக்கு ஏறும். இந்த ஏற்ற இறக்கம் மீனின் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும். அச்சமயத்தில், துணைக்கு ஒரு மீன் வேண்டுமென்று புதிதாக ஒன்றை வாங்கி, தனித்து வைத்துப் பாராமல் அன்றே தொட்டியில் சேர்த்துவிட்டோம். ஆறு நாளுக்குப் பின் நோட்டில் மகளின் எழுத்து இவ்வாறு இருந்தது: ‘புது மீன் கல்லில் முதுகைத் தேய்க்கிறது. வாலில் மூன்று வெள்ளைப் புள்ளி.’ மறுநாள் உப்புத் தூவியதுபோல் உடலெங்கும் புள்ளிகள். மூன்றாம் நாள் பழைய மீன்களிலும் கண்டன. நீரைச் சோதித்தோம், குழல் மஞ்சளாகவே இருந்தது. ஆகவே இம்முறை தண்ணீர் குற்றவாளியன்று, நோய் மெய்யானது.

இதை வெண்புள்ளி நோய் என்பர். 1876-ஆம் ஆண்டிலேயே விஞ்ஞானிகள் இக்கிருமியை விவரித்துப் பெயரிட்டுவிட்டார்கள். இக்தியோப்தீரியஸ் என்பது அதன் பெயர், ஓரணு உயிர். நாம் காணும் வெள்ளைப் புள்ளி கிருமி மட்டுமன்று. மீனின் தோலுக்கு அடியிலே புகுந்து தின்று கொழுத்த கிருமியும் அதனைப் போர்த்திய தோலும் சேர்ந்தது அது. முற்றியதும் அது தோலைக் கிழித்துக்கொண்டு விழுந்து, அடியிலுள்ள கூழாங்கல்லில் ஒட்டி, ஓர் உறைக்குள் அடைபட்டு, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரியும். அக்குஞ்சுகள் நீந்தி வந்து, ஓரிரு நாளுக்குள் ஒரு மீனைப் பற்றாவிட்டால் மடிந்துபோகும். இந்த வாழ்க்கைச் சுழலைத் தெரிந்துகொள்ளாதவரே பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். எந்த மருந்தும் தோலுக்கடியில் உள்ள கிருமியைத் தீண்டுவதில்லை, உறைக்குள் இருப்பதையும் தீண்டுவதில்லை. நீந்தும் குஞ்சுகளை மட்டுமே கொல்லும். மருந்து போட்ட மூன்றாம் நாள் புள்ளிகள் மறைந்துவிட்டால், ‘ஆகா, குணமாயிற்று’ என்று நிறுத்திவிடுகிறோம். உண்மையில் அவை விழுந்து, அடியிலே பெருகிக்கொண்டிருக்கின்றன. நான்கு நாள் கழித்துப் பத்து மடங்காகத் திரும்பி வந்து மீனை மூடும். வெப்பமான நீரில் இச்சுழல் முழுதும் ஒரு வாரத்துக்குள் முடியும். 7 பாகைக்கும் கீழான குளிர்நீரில் ஐந்து வாரத்துக்கு மேலும் நீளும். ஆகவே குளிர்காலத்தில் சிகிச்சையும் நீள வேண்டும். அல்லது நீரைச் சூடாக்கிச் சுழலை விரைவுபடுத்த வேண்டும்.

நாங்கள் இரண்டாவது வழியைப் பின்பற்றினோம். சூடேற்றும் கருவி ஒன்றைப் பொருத்தி, நாளுக்கு 2 பாகைக்கு மிகாமல் உயர்த்தி 30 பாகைக்குக் கொண்டு வந்தோம். சூடான நீரில் பிராணவாயு குறையுமாகையால் காற்றையும் கூட்டினோம். செடிகளை அகற்றிவிட்டு, லிட்டருக்கு 2 கிராம் வீதம் 90 கிராம் கல்லுப்பை எடைபோட்டு, தனி நீரில் கரைத்து, ஒரு நாள் முழுதும் சிறுகச் சிறுகச் சேர்த்தோம். கெளுத்தி இனத்து மீன்கள் உள்ள தொட்டியில் உப்பை இந்த அளவுக்குப் போடத் தயங்க வேண்டும், அவை தாங்கா. நாள்தோறும் குழாயிட்டுக் கூழாங்கல்லின் அடியிலுள்ள அழுக்கை உறிஞ்சி எடுத்தோம். எவ்வளவு நீர் எடுத்தோமோ அவ்வளவு நீருக்குரிய உப்பை மட்டுமே திரும்பச் சேர்த்தோம். நான்காம் நாள் புள்ளிகள் மறைந்தன. நாங்கள் நிறுத்தவில்லை. ஏழாம் நாள் புது மீனின் முதுகில் மீண்டும் இரண்டு புள்ளிகள். நோட்டில் அது பதிவாகியிருக்கிறது. பன்னிரண்டு நாள் நடத்தினோம். மூன்றும் பிழைத்தன.

இங்கே ஓர் ஊர்ப்பெருமையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் மாரேட்பள்ளியிலிருந்து சிறிது தொலைவிலுள்ள பேகம்பேட்டையில் ஒரு பழைய கட்டிடம் இருக்கிறது. 1897-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் நாள், செகந்திராபாத்தில் இராணுவ மருத்துவராயிருந்த ரொனால்டு ராஸ், கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியை நுண்ணோக்கியின் கீழே கண்டறிந்த இடம் அது. அதுவரை கெட்ட காற்றே அக்காய்ச்சலுக்குக் காரணம் என்று எண்ணி எத்தனையோ பேர் எத்தனையோ மருந்துகளைத் தின்றார்கள். கண்டறியாமல் மருந்து கொடுப்பது மனிதனுக்கும் நடந்ததுதான். மீன் நோயிலும் ஐயமறத் தீர்மானிக்க நுண்ணோக்கியே துணை. தோலிலிருந்து வழித்தெடுத்த சிறிது கோழையைக் கண்ணாடித் துண்டில் வைத்துப் பார்த்தால், வெண்புள்ளிக் கிருமி உருண்டு புரள்வதையும், அதன் நடுவே குதிரை இலாடம் போன்ற வடிவுள்ள கருவையும் காணலாம். வண்ணமீனுக்கென்று மருத்துவர் கிடைப்பது அரிது. ஆயினும் இராசேந்திரநகரில் கால்நடைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மீன்வளத் துறையினரும் இருக்கிறார்கள். மடிந்த மீனை அழுகவிடாமல் பனிக்கட்டியில் வைத்து, உறையவிடாமல், தொட்டி நீரையும் தனிப் புட்டியில் எடுத்துச் சென்றால் அறிந்தோர் பார்த்துச் சொல்ல வழியுண்டு.

இதே ஊரில் ஆண்டுதோறும் மிருகசீரிடக் கார்த்தி நாளில், ஆஸ்துமாவுக்கு மருந்தென்று உயிருள்ள விரால் குஞ்சை விழுங்குவதற்கு ஆயிரக்கணக்கானோர் திரளுவதையும் நேயர்கள் அறிவீர்கள். அதன் பயன் விஞ்ஞான முறையில் நிறுவப்படவில்லை. மனிதனின் மூச்சுக்கு மீனைத் தேடும் ஊரில் மீனின் மூச்சைப் பற்றிப் பேசுகிறோமே என்று எங்களுக்கே சிரிப்பு வருகிறது.

நோயல்லாதவற்றை நோயென்று மயங்குவதும் உண்டு. ஆண் பொன்மீன் பருவமடைந்து இனப்பெருக்கக் காலம் நெருங்கும்போது செவுள் மூடியிலும் முன் துடுப்பின் முன்விளிம்பிலும் வெள்ளைப் புள்ளிகள் தோன்றும். உடலின் மற்ற பாகங்களில் பெரும்பாலும் இரா. இதை வெண்புள்ளி நோயென்று கருதி மருந்திட்டவர்களை நாம் அறிவோம். கப்பி மீனின் வயிறு பருத்தால் பெருவயிறு நோயென்று கலங்க வேண்டா. பெரும்பாலும் அது சூல். சில நாளில் குஞ்சுகள் நீந்தும். கௌராமி மீனும் போர்மீனும் அடிக்கடி மேலே வந்து காற்றை விழுங்குவது அவற்றின் இயல்பு. காற்றை உண்ண அவற்றுக்குத் தனி உறுப்பே உண்டு. இரவில் விளக்கணைத்த பின் நிறம் வெளுத்து அசையாமல் நிற்பதும் உறக்கமே.

பொன்மீன் தலைகீழாக மிதந்தால் காற்றுப்பை நோய் என்பர். குட்டை உடல் கொண்ட அலங்கார இனங்களில் இது மிகுதி. பொன்மீனுக்கு இரைப்பையே இல்லை. உலர்ந்த தீனி குடலில் ஊறிப் பருத்தால் பக்கத்திலுள்ள காற்றுப்பையை நெருக்கும். இரண்டு நாள் பட்டினியிட்டு, வேகவைத்துத் தோலுரித்த பச்சைப் பட்டாணியைச் சிறிது நசுக்கிக் கொடுத்தால் பல வேளைகளில் நிமிர்ந்துவிடும். பஞ்சு போன்ற வெண்மை பூசணம். நூல் போல் தொங்குவது நங்கூரப் புழு. வட்டமாகத் தட்டையாக ஊர்வது மீன் பேன். விளக்கை அணைத்துக் கைவிளக்கைப் பக்கவாட்டில் அடித்தால் பொன்தூள் போல் மின்னுவது வேறொரு நுண்ணுயிர் நோய். இவை கண்ணுக்குத் தெரிபவை, ஆதலால் விரிக்கவில்லை.

செதில்கள் எல்லாம் சிலிர்த்து நின்று மீன் அன்னாசிப் பழம்போல் ஊதிவிட்டால் மனத்தைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டும். நன்னீர் மீனின் உடலுக்குள் நீர் இடைவிடாமல் புகுந்துகொண்டேயிருக்கிறது. சிறுநீரகமே அதை இறைத்து வெளியேற்றுகிறது. சிறுநீரகம் சோர்ந்தால் உடல் ஊதுகிறது. அது தனி நோயன்று, பல நோய்களின் இறுதி அடையாளம். பிழைப்பது அரிது. எங்கள் பழைய மீன்களுள் ஒன்று மூன்றாம் ஆண்டில் அவ்வாறாயிற்று. பெரியவர், ‘இதை இழுக்கவிடாதீர்கள் தம்பி’ என்றார். பல்வலிக்கு நாம் வைக்கும் கிராம்புத் தைலம் மீனுக்கு மயக்க மருந்து. தனிப் பாத்திரத்தில் அதை மிகுதியாகக் கலந்து விட்டால் மீன் உறங்கி, உறக்கத்திலேயே அடங்கும். மகளைக் கேட்டுவிட்டே செய்தோம். அவள் பார்க்கவில்லை, ஆனால் நோட்டில் தேதி எழுதினாள்.

இரண்டு எச்சரிக்கைகளைக் கூற வேண்டும். மீன்களுக்கு வரும் ஒருவகைக் காச நோய்க் கிருமி மனிதரின் கைப்புண் வழியே நுழைந்து, விரலிலும் முழங்கையிலும் ஆறாத கட்டிகளை உண்டாக்கும். கையில் கீறல் உள்ளபோது தொட்டிக்குள் கைவிடக் கூடாது. அத்தகைய கட்டி தோன்றினால் மருத்துவரிடம், ‘வீட்டில் மீன் தொட்டி இருக்கிறது’ என்று சொல்ல மறக்கலாகாது. சொல்லாவிட்டால் அவருக்கு ஐயமே எழாது. மற்றொன்று: வளர்க்க இயலாத மீனையும் நோயுற்ற மீனையும் ஏரியில் விடுவது புண்ணியம் என்று சிலர் கருதுகிறார்கள். தொட்டியைத் துப்புரவு செய்யுமென்று விற்கப்படும் உறிஞ்சுவாய்க் கெளுத்தி இவ்வாறே வெளியேறி, கிருஷ்ணா நதி வரை பரவி, வலைஞரின் வலைகளைக் கிழித்துக்கொண்டிருக்கிறது.

ஊரிலிருந்து மீன் கொண்டு வருவோருக்கு ஒரு சொல். நெடும் பயணத்தில் பைக்குள் அமோனியா சேர்ந்திருக்கும். ஆனால் மீன் விட்ட கரியமிலவாயுவால் நீர் அமிலமாகி, அமோனியா நச்சுவடிவு எடுக்காமல் அடங்கியிருக்கும். பையைத் திறந்தவுடன் கரியமிலவாயு வெளியேறும், நீர் காரமாகும், அடங்கியிருந்த நஞ்சு தலைதூக்கும். ஆகையால் மூடிய பையைத் தொட்டியில் 20 நிமிடம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்தி, திறந்ததும் தாமதியாமல் மீனை மட்டும் வலையால் எடுத்துத் தனித் தொட்டியில் விட வேண்டும். பை நீரை வெளியே கொட்ட வேண்டும். சில மணி நேரப் பயணமே ஆனால், தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பையில் கலந்து பழக்குவது தகும். எவ்வாறாயினும் புதிய மீன் நான்கு வாரம் தனியே இருக்கட்டும்.

எங்கள் தொட்டியில் இப்போது இரண்டு மீன்கள் இருக்கின்றன. தீனி போடும் உரிமை மகளுக்கு மட்டுமே. பாட்டி கேட்டுக்கொண்டு வாரத்துக்கு ஒரு நாள் பட்டாணி நசுக்கித் தருகிறார். மூன்றாவது நோட்டு நடக்கிறது. நேற்றைய பக்கத்தில், ‘அமோனியா இல்லை. பெரிய மீன் மூச்சு 64. சின்ன மீன் மூச்சு 72. இரண்டும் நலம்’ என்று எழுதியிருக்கிறாள்.